சட்டைப் பையில் குக்கர் வெயிட்

பெருவில் எங்கள் டூர் பஸ்ஸில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். முன் சீட்டில் டூர் மேனேஜர். பக்கத்தில் அவர் மச்சான். அடுத்து ஹைதராபாத் குஷாய்குடா ஃபேக்டரியில் ரிடையர் ஆன ஃபோர்மேன். அவர் வீட்டம்மா. திருமுல்கேரி அண்ணன் தம்பி இருவர், அவரவர் மனைவியோடு. கொண்டாப்பூரிலிருந்து புதுக் கல்யாண ஜோடி ஒன்று. உள்ளூர் டிரைவர். கடைசி சீட்டில் அரிசி மூட்டைக்கும் குக்கருக்கும் நடுவில் நான். சமையல்காரன்.

ஹைதராபாத்திலிருந்து எங்கள் ஆட்கள் வெளிநாடு போனால் சமையல்காரனையும் கூட்டிப் போவார்கள். பருப்பு, புளி, மிளகாய்த்தூள், குக்கர் எல்லாம் கூடவே வரும். வெளிச்சாப்பாட்டைத் தொட மாட்டார்கள். அதற்கு முன் நான் ஏழு நாடு போயிருந்தேன். ஏழிலும் சமையலறையைத் தாண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் வீட்டுக்குத் திரும்பியதும் மனைவி கேட்பாள்.

"என்னாய்யா பாத்த?"

"அடுப்பு."

முதலில் சிரித்தாள். பிறகு கேட்பதையே விட்டுவிட்டாள். எனக்கு அதுதான் வலித்தது.

அதனால் பெருவுக்குக் கூப்பிட்டபோது மேனேஜரிடம் சொல்லிவிட்டேன். ஒரு இடமாவது பார்க்க விட்டால் வருகிறேன், இல்லையென்றால் இல்லை.

"ஹவ் ஹவ், ஆமாப்பா, கைக்கு, எதுக்கு டென்ஷன் ஆவுற? மலை மேல இன்கா ராஜா கட்டின கோட்டை இருக்கு. அதுக்கு ஒன் பேர்லயும் டிக்கெட்டு. போதுமா?" என்றார்.

போதும் என்றேன். பதினோரு நாள் அந்த ஒரு நாளுக்காகச் சமைத்தேன்.

அந்த நாளும் வந்தது. மலைகளுக்கு நடுவே சின்ன ஊர். அன்றைக்குச் சந்தை. தொப்பி போட்ட, இரட்டைப் பின்னல் போட்ட பெண்கள் தரையில் கம்பளி விரித்து உட்கார்ந்திருந்தார்கள். இஞ்சி மாதிரி முண்டு முண்டாக உருளைக்கிழங்கு. ஒன்றைக் கிள்ளிப் பார்த்தேன். உள்ளே பீட்ரூட் நிறம். சோளம் ஒவ்வொரு மணியும் மொச்சைக்கொட்டை அளவு.

சந்தைக்குப் பின்னால் ஒரு லாட்ஜில் சமையலறை எடுத்திருந்தார்கள். சாமானை இறக்கிவிட்டு பஸ்ஸில் ஏறப் போனேன். என் சீட்டில் மச்சான் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அதுவரை எல்லா இடத்திலும் ஹோட்டலில் தூங்கினவன்.

"மச்சான் இன்னிக்கு வர்றேன்றாரு. டிக்கெட்டு கம்மி. நீ நக்கோ, வர வேணாம். ஒரு மணிக்கு சூடா சாம்பார் இருக்கணும்," என்றார் மேனேஜர்.

ஃபோர்மேன் வீட்டம்மா குறுக்கே பேசினார். "அவரும் பாவம் வரட்டுமே சார். ஒரு நாள் நாங்க பிரெட் தின்னுக்கறோம்."

"நீங்க வேற மேடம். இவன் அங்க வந்து என்ன பண்ணுவான்? இவனுக்குத் தெரிஞ்ச கல்லு தோசைக்கல்லு ஒண்ணுதான்."

பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. அவருக்குச் சர்க்கரை உண்டு. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். காலையில் கட்டிவைத்த எலுமிச்சைச் சாதத்தை ஜன்னல் வழியே அவர் கையில் கொடுத்தேன். அது எனக்காகக் கட்டியது. பஸ் போய்விட்டது.

பருப்பைக் களைந்தேன். குக்கரில் போட்டேன். மூடி போட்டேன். வெயிட்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அந்த உயரத்தில் வெயிட் இல்லாமல் பருப்பு வேகாது. மலைப்பக்கம் வந்த முதல் நாளே கண்டுகொண்டேன். தண்ணீர் கொதிக்கும், பருப்பு கல்லாகவே கிடக்கும். மேனேஜருக்கு அது தெரியாது. ஒரு நாளும் அடுப்புப் பக்கம் வந்தவர் இல்லை. இன்னொன்றும் எனக்குத் தெரியும். ஃபோர்மேன் அவர் காலனி சங்கத்துச் செயலாளர். அடுத்த வருஷம் நாற்பது பேரைக் கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தார். மேனேஜர் அவரைத் தாங்கு தாங்கென்று தாங்கியது அதற்குத்தான்.

பஸ் ரோட்டைச் சுற்றிப் போகும். சந்தை முடிகிற இடத்தில் கோட்டைக்கு நடந்து ஏறும் படி இருந்தது. வாசலில் என் காசில் டிக்கெட் வாங்கினேன். ஏறினேன்.

மூச்சு வாங்கியது. பத்துப் படிக்கு ஒருமுறை நின்றேன். மலையை வரப்பு வரப்பாக வெட்டிக் கல் அடுக்கியிருந்தார்கள். மேலே வீடுகள், கூரை இல்லாமல். எங்கள் ஆட்கள் தூரத்தில் இன்னொரு முகட்டில் புள்ளியாகத் தெரிந்தார்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே நகம் நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. வாய்க்காலில் இன்னும் தண்ணீர் ஓடியது. குடித்தேன். அந்தக் கல்லை அடுக்கினவர்களுக்கும் எவனோ சமைத்திருப்பான். அவன் மேலே வந்து பார்த்தானோ என்னவோ.

ஒரு மணி ஆனது. கீழே லாட்ஜின் ஓட்டுக்கூரை தெரிந்தது. உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பையில் வெயிட் கனத்தது. நன்றாக இருந்தது.

கீழே நடந்ததைப் பிறகு அந்த அம்மா சொன்னார். மேனேஜரே அடுப்பு பற்றவைத்தாராம். இரண்டு மணி நேரம் கொதித்தும் பருப்பு வேகவில்லையாம். ஃபோர்மேன் மூடியைப் பார்த்ததும் கேட்டாராம்.

"வெயிட் எங்க சார்?"

"மாஸ்டர் கிட்ட இருக்கும்."

"மாஸ்டர் எங்க?"

மேனேஜர் கரண்டியை எடுத்துப் பருப்பைக் கிளறினாராம். ஃபோர்மேன், "ஒரு சமையல்காரரை வச்சுக்கத் தெரியல, நாப்பது பேரை எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?" என்றாராம். மச்சான் பசி தாங்காமல் சந்தைக்கு ஓடி எதையோ தின்று வாந்தி எடுத்தானாம்.

நாலு மணிக்குத்தான் இறங்கினேன். வெயிட்டை மேனேஜர் முன்னால் மேஜையில் வைத்தேன்.

"எங்கடா போன?"

"கல்லு பாக்கப் போனேன் சார்."

ஹைதராபாத் இறங்கியதும் என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். எதிர்பார்த்ததுதான். நாற்பது பேர் அவரோடு போகவில்லை. அதை அந்த அம்மாவே போனில் சொன்னார். அன்றைக்கு இரண்டு தட்டு கூடச் சாப்பிட்டேன். இன்றைக்கும் அந்த ஆளை நினைத்தால் இரக்கம் வரவில்லை. வரவேண்டும் என்றும் தோன்றவில்லை.

வேலை போனதைச் சொன்னபோது மனைவி தட்டில் சோறு போட்டாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் கேட்டாள்.

"என்னாய்யா பாத்த?"

"படி ஏறினேன். எண்ணிக்கிட்டே ஏறினேன்."

"எத்தினி?"

அறுநூற்று நாற்பத்து மூன்று.