கழுத்துவரை பெட்ரோல்

நாகப்பட்டினத்திலிருந்து வரும் அக்கா வீட்டுக்காரர், அதாவது அத்தான், திரும்பும்போது காரைக்கால் பங்க்கில் பைக் டேங்க்கைக் கழுத்துவரை நிரப்பாமல் போகமாட்டார். எங்கள் ஊரில் பெட்ரோல் விலை குறைவு. அன்று திருமலைராயன்பட்டினம் தாண்டியதும் போன் செய்தார்.

"ஸ்டார்ட் ஆவுது, கொஞ்ச தூரம் போனா நின்னுடுது."

எரிச்சலோடு போனேன். பிளக்கைத் துடைத்து மாட்டியும் பயனில்லை.

"பெட்ரோல் இருக்குங்களா அத்தான்?"

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "பாரு, தளும்புது!" என்று டேங்க் மூடியைத் திறந்து காட்டிவிட்டு மூடினார். உதைத்ததும் வண்டி கிளம்பியது. சிறிது தூரத்தில் நின்றது. மறுபடி திறந்து காட்டினார். மறுபடி கிளம்பியது. எனக்கு எரிச்சல் போய் ஆர்வம் வந்துவிட்டது. பெட்ரோலைத் திறந்து காட்டினால் இன்ஜினுக்கு உயிர் வருமா என்ன?

மூடியைத் திறந்தே வைத்து, நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டேன். நிற்கவே இல்லை. மூடியைப் புரட்டினேன். உள்பக்கம் பால் கவர் ஒன்றை மடித்து இறுக்கியிருந்தார்.

"மேடுபள்ளத்துல சிந்துதுப்பா, அதான்."

மூடியில் காற்றுக்கென்று சிறு துளை உண்டு. மேலே காற்று நுழைந்தால்தான் கீழே பெட்ரோல் இறங்கும். ஒரு சொட்டும் வீணாகாதபடி அடைத்திருந்தார் அத்தான், இன்ஜினுக்குக்கூடக் கிடைக்காதபடி.