கடல் தெரியாத அறை

கற்பிட்டிக் கடற்கரையில் இப்போது வரிசையாக உல்லாச விடுதிகள். அதில் ஒன்றின் வாசலில் நானும் கணவரும் இறங்கியபோது, ஒரு பெண்பிள்ளை தம்பிலி இளநீரைக் கண்ணாடிக் கிளாஸில் ஊற்றி, விளிம்பில் பூவொன்றையும் செருகிக் கொண்டுவந்து ஆங்கிலத்தில் வரவேற்று, அந்தக் கரையைப் பற்றி விளக்கத் தொடங்கினாள். என் கையில் இருந்தது பிரித்தானியக் கடவுச்சீட்டு. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் எனக்குச் சுள்ளென்று ஏறியது. வெறுங்காலோடு நான் ஓடித்திரிந்த கரையைப் பற்றி எனக்கே ஒருத்தி விளக்கம் சொல்வதா? "தமிழ்ல சொல்லுங்க மகள், விளங்கும்," என்றேன். சிலாபத்துச் சிங்களப் பிள்ளை அவள். சிரித்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள். அந்தச் சிரிப்போடு என் கோபமும் போய்விட்டது.

லண்டனிலிருந்து ஊருக்கு வந்தால் நாங்கள் தங்குவது மதுரங்குளியில், என் நானாவின் வீட்டில். நானா என் ஒரே அண்ணன். இந்த முறை கணவர்தான் விடுதி பார்ப்போம் என்று கிளப்பினார். நான் உடனே ஓம் என்றேன். எதற்கும் நாலு கேள்வி கேட்காமல் ஓம் சொல்கிற ஆள் இல்லை நான். மனிதருக்கே சந்தேகம் வந்துவிட்டது. காரணத்தை அப்போது சொல்லவில்லை. அந்த விடுதியின் வடக்கு மதிலுக்கு அப்பால் ஒரு சிறிய பள்ளிவாசல், அதையொட்டி மையவாடி. அங்கேதான் என் வாப்பாவை அடக்கியிருக்கிறது. அந்த இடத்தை ஒரு தரமாவது என் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஏக்கம்.

வாப்பா கடலுக்குப் போகிறவர். எங்களைப் படிப்புக்காக மதுரங்குளியில் குடிவைத்துவிட்டு, தான் மட்டும் இந்தக் கரையை விட்டு வரமாட்டேன் என்று நின்றவர். வியாழன் பின்னேரம் பஸ் ஏறி வருவார், வெள்ளி ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் திரும்பிவிடுவார். வாய் திறந்து கதைப்பது குறைவு. என்னைத்தான் 'வாயாடி' என்று கூப்பிட்டு, நான் சொல்வதையெல்லாம் பிளேன்டீ ஆறும்வரை கேட்டுக்கொண்டிருப்பார். லண்டனுக்கு என்னைக் கட்டிக்கொடுத்த அன்று மாப்பிள்ளையிடம் சொன்னது ஒரே வசனம்: "மகன், இவட கதைய மட்டும் குறைச்சிராதீங்க."

அவர் மௌத்தானதும் இந்தக் கரையில்தான். விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு உயிர் போனது, அன்று பின்னேரமே அஸருக்குப் பிறகு அடக்கிவிட்டார்கள். ஜனாஸாவைப் பிந்த வைப்பது எங்களிடம் இல்லை. நான் லண்டனில் டிக்கெட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். வந்து சேர்ந்தபோது அவருடைய சாரங்கள் மடித்து அலுமாரியில் இருந்தன, அவர் இல்லை. எங்கள் பக்கத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. நானா போவார், வருவார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், "என்ன இரிக்கப் போகுது, எல்லாருக்கும் இரிக்கிற மாதிரித்தான்," என்பார். உம்மாவும் அதையே கேட்டு, அதே பதிலோடு காலத்தை முடித்துக்கொண்டார்.

முதல் நாள் முழுக்க விடுதியைச் சுற்றிப் பார்த்தேன். கூரை எல்லாம் தென்னோலைக் கிடுகு. ஓட்டுக் கூரைக்கு ஏங்கி வளர்ந்தவள் நான். இங்கே வெள்ளைக்காரர்கள் கிடுகுக்குக் கீழே படுத்து அண்ணாந்து படம் எடுக்கிறார்கள். குளியலறைக்குக் கூரையே இல்லை. மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். அதுதான் மேடம் அனுபவம், என்றான் அறை காட்டியவன். அந்த அனுபவம் எங்களிடம் தாராளமாக இருந்தது என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நீச்சல் குளம் இருக்கிற இடத்தில்தான் வாப்பா ஆட்களின் வாடி, மீன்பிடிக் கொட்டில், இருந்தது. மீன் காயப்போடுகிற காலத்தில் தலைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும் அந்த நாற்றம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள் என்று, வாப்பா கொண்டுவந்த பையைத் தொடவே கூசுவேன். இப்போது அந்த இடத்தில் ஏதோ எலுமிச்சைப் புல்லின் வாசனையைத் தெளித்து வைத்திருக்கிறார்கள். நான் நின்று நின்று மூச்சை இழுத்துப் பார்த்தேன். கருவாட்டு மணம் துளியும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. நீச்சல் உடுப்போடு போன ஒரு வெள்ளைக்காரி, ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள்.

வடக்கு மதில் என் தலைக்கு மேலே ஒரு முழம் உயரம். எக்கிப் பார்த்தேன், ஓரிடத்தில் செடித் தொட்டி மேல் ஏறவும் பார்த்தேன். காவல்காரர் தூரத்தில் இருந்து செருமினார். அப்போதுதான் கண்டேன், மதிலோரமாக ஒரு மாடி அறை. அதன் பல்கனியை மூங்கில் தட்டி போட்டு முழுதாக மறைத்திருந்தார்கள்.

வரவேற்பில் போய் அந்த அறையைக் கேட்டேன். சிலாபத்துப் பிள்ளையின் முகம் மாறிவிட்டது.

"அது வேணாம் ஆன்ட்டி. கடல் தெரியாது. அந்தப் பக்கம் மையவாடி. ஆக்கள் பயந்து கம்ப்ளெயின்ட் பண்ணுறாங்க, அதுதான் நாங்க குடுக்கிறல்ல."

"எனக்கு அதுதான் வேணும் மகள்."

கணவர் காதைக் கடித்தார். "கடல விட்டுட்டு மையவாடியப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்த?"

"ஓம்," என்றேன். "வாப்பா அங்கதான் இரிக்கிறாங்க."

அவர் பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு படியேறினார்.

பையன் ஒருவன் வந்து தட்டியை அவிழ்த்துச் சுருட்டினான். கீழே மணல் திட்டு, எருக்கலை, ஒவ்வொரு கபுறின் தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்டு, உப்புக் காற்றில் நரைத்துப்போன மீசான் கட்டைகள். அத்தனையும் ஒரே மாதிரி. இவ்வளவு காலம் ஏங்கி வந்து, எது என் வாப்பா என்று தெரியாமல் நிற்கிறேன். நானாவுக்கு போன் எடுத்தேன். விஷயத்தைச் சொன்னேன். மார்க்கம் அது இது என்று ஏதும் சொல்லப்போகிறார் என்று சண்டைக்கு ஆயத்தமாக நின்றேன்.

"போறதுதானே இல்ல," என்றார். "பாக்கிறத்துக்கு என்ன. நான் வாறன், அங்கேயே நில்லுங்க."

மதுரங்குளியில் இருந்து மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். தொப்பியும் வெள்ளைச் சட்டையுமாக அவர் மையவாடிக்குள் நுழைவதை மேலேயிருந்து பார்த்தேன். எனக்கு ஏனோ தூரத்தில், பெரிய வேப்பமரத்தடியில்தான் இருக்கும் என்று நினைப்பு. கண் அங்கேயே நின்றது. நானாவோ மரத்தைத் தாண்டி, கிட்டக் கிட்ட வந்துகொண்டே இருந்தார். வந்து வந்து என் பல்கனிக்கு நேர் கீழே, மதிலோரமாக நின்றார். போன் தேவைப்படவில்லை. அண்ணாந்து பார்த்தார்.

"தெரியுதா?"

"நீங்கதான் தெரியிறீங்க நானா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். இரண்டு கட்டைகள், நடுவில் மணல், ஓரத்தில் ஒரு கொடி. நான் பல்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸலாம் சொன்னேன். லண்டனில் இருந்து சேர்த்துக் கொண்டுவந்த கதை எவ்வளவோ இருந்தது. ஒன்றும் வாயில் வரவில்லை, கண்ணீர்தான் வந்தது. கணவர் பின்னால் வந்து நின்று இரண்டு கைகளையும் ஏந்தி ஓதத் தொடங்கினார்.

நானா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றி ஒரு பக்கம் வைத்துவிட்டு, தலைமாட்டில் குந்தி, கபுறின் பக்கம் குனிந்து, காது மந்தமானவரிடம் சொல்வது போலச் சற்று உரத்துச் சொன்னார்:

"வாப்பா, தங்கச்சி வந்திரிக்கிறா."