ஒத்தக்கம்புக்கு எதிரே யார்?

தொப்பையைக் குறைக்கலாம் என்று இன்று காலை பொன்மலையில் ஒரு சிலம்பக் கூடத்தில் சேரப் போனேன். நான் கம்பு சுற்றினால் காவிரியே பயந்து மேற்கே ஓடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

பலகையில் 'ஒத்தக்கம்பு சிலம்பக் கூடம்' என்று இருந்தது. உள்ளே பார்த்தால் நாற்பது கம்பு.

மாஸ்டர் மல்லிகா வருவதற்குள், சுவரோரம் தனியாகச் சாய்ந்திருந்த கம்பை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றினேன். பிடி ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் சுற்றிவிட்டு வைத்த மாதிரி.

"அண்ணே, அதை ஏன் எடுத்தீங்க?" வாசலில் மாஸ்டர்.

"ஏம்மா, உடைஞ்சிடுமா?"

"அது எங்க ஊர் காவல் சாமிக்குங்க. துறையூர்ப் பக்கம். ராத்திரி ஊரைக் காக்குற சாமி காலையில பயிற்சிக்கு வருவாருன்னு ஒரு கம்பு ஒதுக்கிடுவோம். அதுதான் கூடத்துக்கே பேரு."

"யாரும் தொட மாட்டீங்களா?"

"மாட்டோம். ஆனா நுனி தேஞ்சுடும். வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறோம்."

கம்பை மெல்ல வைத்தேன். "நான் தொட்டுட்டேனேம்மா?"

"சண்டைக்குக் கூப்பிட்டதா அர்த்தம். நாளைக்கு வந்து எதிரே நின்னு ஒரு ஆட்டம் ஆடிடுங்க. வராம இருந்துடாதீங்கண்ணே, அவரு தேடி வந்துடுவாரு." மாஸ்டர் சிரிக்கவில்லை.

ஸ்ரீரங்கம் வீட்டுக்குத் திரும்பிக் கைக்கு மூன்று முறை சோப்புப் போட்டுவிட்டேன். உள்ளங்கைச் சூடு இன்னும் ஆறவில்லை.

நாளைக் காலை ஆறு மணிக்குத் துணைக்கு யார் வருகிறீர்கள்? என் பின்னால் நின்றால் போதும். முன்னால் நிற்க ஆள் இருக்கிறார்.