உருக்கிப் போட்டமுங்க

ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் முதல் கேள்வியே எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. தீர்க்க வேண்டிய பிரச்சினை என்ன, அது யாரைப் பாதிக்கிறது? பாதிக்கப்பட்டவர் பக்கத்து அறையில் படுத்து இருமிக்கொண்டிருந்தார். என் கணவர்.

போத்தனூர்ப் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு பவுண்டரி இருக்கிறது. பம்புகளின் இரும்பு உடம்பை வார்த்துக் கொடுக்கிறோம். பம்புக்குள் தண்ணீர் ஓட வெற்றிடம் வேண்டும் அல்லவா? அதற்காக மணலைக் கெட்டிப்படுத்தி ஒரு கட்டி செய்து, அச்சுக்குள் வைத்து, அதைச் சுற்றி இரும்பை ஊற்றுவார்கள். அந்தக் கட்டிக்குக் கோர் என்று பெயர். இரும்பு ஆறியதும் கோரைத் தட்டி உடைத்து வெளியே எடுக்க வேண்டும். அப்போது கிளம்புகிற தூசியை மீசை முளைக்கும் வயதிலிருந்து சுவாசித்தவர் அவர். நுரையீரலில் படிந்தது படிந்ததுதான், இனி ஷெட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"வார்ப்புத் தொழிலாளர்கள் சுவாச நோய்களுக்கு ஆளாகிறார்கள்" என்று விண்ணப்பத்தில் எழுதினேன். பன்மையில் எழுதுவது கொஞ்சம் தாங்கும்படி இருந்தது.

தட்டி உடைக்காமல், தண்ணீரில் கரைத்தே எடுத்துவிடக்கூடிய கோர். அதுதான் அவர் திட்டம். நோய் தெரிவதற்கு முன்பே தொடங்கியது; தெரிந்த பிறகு வேறு எதைப் பற்றியும் அவர் பேசவில்லை.

"கண்ணு கெட்ட பொறவு சூரிய நமஸ்காரம்னு எனக்கே தெரியுது அம்மணி" என்பார். "ஆனா கண்ணு நல்லா இருக்கறவங்க உள்ள நின்னு வேல செய்யறாங்கல்ல?"

தான் இருக்கும்போதே இது ஷெட்டுக்குள் வந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவர் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேட்க முடியாது.

நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவள். மணலோடு எந்த உப்பை எவ்வளவு சேர்ப்பது என்று நான் சொல்வேன்; டாக்டர் தடுக்கும்வரை அவரே செய்து ஊற்றினார். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொதிக்கும் இரும்பு அதன் மேல் பட்டதும் ஆவி கிளம்பி, வார்ப்புக்குள் ஓட்டை ஓட்டையாக விழும். இப்படியே பல தடவை ஆனது. கடைசியில் ஒன்று கண்ணாடி போல வந்தது. தண்ணீர்த் தொட்டியில் முக்கியதும் கோர் கரைந்து கலங்கலாக ஓடியதைப் பார்த்து, ஆட்களுக்கெல்லாம் அவர் மைசூர்பாக் வாங்கிக் கொடுத்தார். அந்த ஒன்றை நம்பித்தான் விண்ணப்பம் அனுப்பினோம்.

காகிதங்கள் தேறிவிட்டன. நேரில் பார்க்க நிபுணர் குழு வருகிறது என்று தகவல் வந்ததும் எங்கள் ஆட்கள் ஷெட்டைக் கல்யாண வீடு ஆக்கிவிட்டார்கள். சுவருக்கு வெள்ளை, இரும்பு உருக்கும் பர்னஸுக்குப் பொட்டு, மூலையில் கிடந்த துண்டு இரும்புகூடப் போன இடம் தெரியவில்லை. வந்தவர்களுக்கு ஆபீஸ் அறையில் இளநீர், போண்டா, காபி. குழுவில் மூத்தவர் ஓர் அம்மையார். எங்கள் வார்ப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு. இதுக்கு முன்னாடி சரியா வராத காஸ்டிங் எல்லாம் எங்க?"

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒண்ணுகூட இல்லீங்க. அன்னன்னைக்கே உருக்கிப் போட்டமுங்க."

எவ்வளவு பெருமையாகச் சொன்னார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது. எங்கள் பக்கத்துப் பவுண்டரிக்காரர்களுக்கு அது பழக்கம். வார்ப்பில் ஓட்டை விழுந்தால் அடுத்து பர்னஸ் ஏற்றும்போதே உள்ளே போய்விடும். இரும்பும் மிச்சம், மானமும் மிச்சம். கெட்டதை ஷெட்டில் போட்டுவைத்தால் வருகிற வியாபாரி என்ன நினைப்பான்? நாங்கள் படம்கூட எடுத்து வைக்கவில்லை. கெட்டதைப் போய் யார் படம் எடுப்பார்கள்?

அம்மையார் கோபப்படவில்லை. "ஐயா, ஒரு நல்ல பீஸ் தற்செயலாவும் வரலாம். ஏன் கெட்டுச்சு, எப்படிச் சரியாச்சுன்னு தெரிஞ்சாதான் எங்களுக்கு ஆராய்ச்சி. மறுபடி செஞ்சு, கெட்டதையும் அறுத்து வெச்சு, அடுத்த சுற்றுக்கு அனுப்புங்க."

என் கணவர் தலையாட்டினார். பதில் சொல்ல வாயெடுத்தபோது இருமல் வந்துவிட்டது. அது நிற்கும்வரை குழுவில் வந்த மூவரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அவர்கள் வண்டி கேட்டைத் தாண்டியதும் எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மீது என்று தெரியவில்லை. அந்த அம்மையார் கேட்டது நியாயம். நியாயமாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. எத்தனை நாள் உழைப்பு! எல்லாம் பம்பாகி, யார் யாருடைய தோட்டத்திலோ தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. எங்களிடம் மிஞ்சியது அவர் நெஞ்சில் படிந்திருந்த தூசிதான்.

மறுபடி செய்வதென்றால் ஷெட்டுக்குள் போக வேண்டும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க போகக் கூடாதுங்க. நான் போறேன்."

"சூடு உனக்கு ஆகாது அம்மணி."

"தூசி உங்களுக்கு ஆகுமாக்கும்?"

அவர் வாசலிலிருந்து திரும்பினார். ஆபீஸ் அறையின் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, போனில் எனக்கு வழி சொன்னார். நான் முகமூடி போட்டுக்கொண்டு கோர் பிசைந்தேன், காய வைத்தேன், ஆட்கள் இரும்பு ஊற்றும்போது பக்கத்தில் நின்றேன். கெட்டவற்றை அறுத்து, ஓட்டை தெரியும்படி அலமாரியில் வரிசையாக அடுக்கினோம். அவருக்கு அது பொறுக்கவில்லை. "வகுறு எரியுது, ஒரு துணியாவது போட்டு மூடு" என்றார். மூடவில்லை. மெல்ல மெல்ல ஓட்டைகள் குறைந்தன. நல்லவை ஒன்றல்ல, தொடர்ந்து வரத் தொடங்கின. ஆனால் அதற்குள் அவர் போனில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

மறு விண்ணப்பத்தை வீட்டில் வைத்து, ஒரு மத்தியானம், அவருக்கு வாசித்துக் காட்டிக்கொண்டே நிரப்பினேன். முதன்மை ஆய்வாளர் என்ற இடத்தில் பழையபடி அவர் பெயர் இருந்தது. அதன் கீழே, திட்டக் காலம் முழுவதும் இவர் பணியில் இருப்பார் என்று உறுதி அளிக்கும் ஒரு வரி. முதல் தடவை யோசிக்காமல் கையெழுத்துப் போட்ட வரிதான். இந்தத் தடவை அதை வாசிக்காமல் அடுத்ததற்குத் தாவினேன்.

"ஒரு வரிய உட்டுட்டயே" என்றார்.

வாசித்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுல பொய் எளுத வேண்டாம் அம்மணி. உம்பேரப் போடு."

போட்டேன். என் படிப்பை எழுதினேன். அடுத்து, இந்தத் துறையில் அனுபவம் என்று கேட்டிருந்தது.

"கல்லூரியில பாடம் நடத்துனது செல்லாது. பவுண்டரி அனுபவம் கேக்கறாங்க. நான் என்னத்தைப் போடறதுங்க?"

கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார். "எங்கூட இருந்தியே, அதப் போடு."