ஒரே அறையில் நின்றோம்

உத்திரமேரூரில் ஒரு எலும்பு ஆஸ்பத்திரியில் பல வருடம் வேலை பார்த்தேன். மரத்திலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்ட பிள்ளைகள் வருவார்கள். எக்ஸ்ரே கதிர் ஓடிக்கொண்டிருக்கும். டாக்டர் திரையைப் பார்த்தபடி எலும்பைச் சேர்ப்பார். துள்ளும் பிள்ளையை நான் அமுக்கிப் பிடித்துக்கொள்வேன். இருவரும் ஈய அங்கி போட்டிருப்போம். கண்ணுக்கு மட்டும் மறைப்பு கிடையாது, அவருக்கும்தான்.

நாற்பது வயதுக்குள் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. கதிரால் வந்திருக்கலாம் என்றார் காஞ்சிபுரத்துக் கண் டாக்டர். சில குடும்பங்களில் பிறவியிலேயே அதைத் தாங்கும் சக்தி குறைவாம். அம்மாவுக்கும் சின்ன வயதிலேயே புரை விழுந்திருந்தது.

இதை எங்கள் டாக்டரிடம் சொன்னேன். அவர் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"நானும் அதே ரூம்லதானே நின்னேன்? எனக்கு ஒண்ணும் ஆகலையே. உங்க குடும்ப ரத்தம் அப்படி. அதுக்கு ஆஸ்பத்திரி என்னம்மா பண்ணும்?"

அத்தோடு என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். அடுத்த வாரமே ஆள் அனுப்பினார், என் இடத்துக்கு என் தங்கை வர வேண்டுமாம். பழகின குடும்பமாம், நம்பிக்கையான ஆட்களாம். ரத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

போகக்கூடாது என்று கத்தினேன். சோடாபுட்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அம்மா என்னை அடக்கினாள்.

"சும்மா கெட. வேற யாரையாச்சும் வெச்சிக்கினு போயிருக்கலாம். நம்ம வூட்ட மறக்காம கீறாரே, நல்ல மனுசன்."

தங்கை போனாள். என் அங்கியே அவளுக்கும் அளவாக இருந்ததாம். சாயங்காலம் வந்து சிரித்துக்கொண்டே சொன்னாள்.