"ஏதோ கொஞ்சம் படிச்சிருக்கேனுங்க சார்!"

போன மாதம் ஒரு மத்தியானம். எங்கள் மாடி வீட்டு நித்யா கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது... விஷயம் நல்லதில்லை.

கையில் ஃபைல். கண்ணில் தண்ணீர்.

"என்னாச்சு நித்யா?" என்றேன்.

"செகண்ட் இயர்லதான் சேத்துக்குவாங்களாமுங்கக்கா" என்றாள்.

இதற்கா அழுகை என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கதையைக் கேளுங்கள்.

நித்யாவுக்குச் சொந்த ஊர் சத்தியமங்கலம். அங்கே ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டு வருஷம் முழுதாக முடித்தாள். ஒரு அரியர் கிடையாது. மூன்றாம் வருஷம் தொடங்குவதற்குள் கல்யாணம். மாப்பிள்ளைக்கு சிங்காநல்லூரில் லேத் பட்டறை. "படிப்பை அப்புறம் முடிச்சுக்கலாம்" என்று இரண்டு வீட்டிலும் சொன்னார்கள். நம் வீடுகளில் பெண்களுக்குச் சொல்லப்படும் இந்த 'அப்புறம்' இருக்கிறதே, அதற்கு காலண்டரில் தேதி கிடையாது. ஐந்து வருஷம் ஓடிவிட்டது. மகளுக்கு இப்போது நாலு வயசு.

இந்த வருஷம்தான் எல்லாம் கூடி வந்தது. கூட்டி வைத்தவர் யார் தெரியுமா? மாமியார்! ருக்குமணியக்காவுக்கு கிணத்துக்கடவில் தென்னந்தோப்பு. அதை ஒரே ஒரு வருஷத்துக்குத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, பேத்தியைப் பார்த்துக்கொள்ள சிங்காநல்லூருக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். அந்தத் தம்பி அடுத்த வருஷம் மகனோடு இருக்க வெளிநாடு போகிறார். அதற்கு மேல் தோப்பைப் பார்க்க ஆள் இல்லை.

ஆக, நித்யாவின் கையில் இருப்பது ஒரு வருஷம். இங்கே கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் மனுப் போட்டிருந்தாள், மூன்றாம் வருஷத்தில் சேர்த்துக்கொண்டால் டிகிரி. இரண்டாம் வருஷத்தில் சேர்த்தால்... மறுபடியும் 'அப்புறம்'தான்.

இப்போது புரிகிறதா அழுகை?

சரி, இரண்டு வருஷம் படித்தவளை எதற்காக ஒரு வருஷம் பின்னால் தள்ளுகிறார்கள்? அன்றைக்கு உட்கார்ந்து அவள் ஃபைலைப் பார்த்ததில் எனக்கே ஒரு புது மொழி கற்றுக்கொண்ட மாதிரி இருந்தது. கிரெடிட், ஈக்விவலன்ஸ், ஆர்ட்டிகுலேஷன், டெஃபிஷியன்சி பேப்பர், பிரிட்ஜ் கோர்ஸ்... தலை சுற்றியது.

பழைய கல்லூரியில் பாடத்தின் பெயர் 'புரோகிராமிங் இன் சி'. புதுக் கல்லூரியில் அதுவே 'பிராப்ளம் சால்விங் யூசிங் சி'. நாம் வீட்டில் ஆக்குகிற அரிசிம்பருப்பு சாதத்தை ஓட்டல்காரர் மெனு கார்டில் 'கொங்கு ஸ்பெஷல் தால் ரைஸ்' என்று போடுவதில்லையா, அந்தக் கதைதான். இரண்டும் ஒன்றுதான் என்று ஒரு கமிட்டி உட்கார்ந்து பார்த்துச் சொல்வதுதான் ஈக்விவலன்ஸ். ஒன்று என்று சொல்லிவிட்டால், அங்கே வாங்கிய கிரெடிட், அதாவது பாடத்தை முடித்ததற்கான புள்ளி, இங்கேயும் செல்லும்.

அங்கே இல்லாத பாடம் இங்கே இருந்தால்? அதைத் தனியாக எழுதிப் பாஸ் பண்ண வேண்டும். அது டெஃபிஷியன்சி பேப்பர். ("டெஃபிஷியன்சின்னா ஒடம்புல சத்துக் கொறையறதுங்களே அம்மணி?" என்று ருக்குமணியக்கா பதறியது தனிக்கதை.) பாதி தெரிந்து பாதி தெரியாவிட்டால் இடையில் ஒரு சின்ன வகுப்பு. அது பிரிட்ஜ் கோர்ஸ்.

ஆர்ட்டிகுலேஷன் என்றால், இந்தத் தொல்லையே வராதபடி இரண்டு கல்லூரிகளும் முன்கூட்டியே பேசி, எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் என்று முடிவு செய்து வைத்துக்கொள்வது. சம்பந்தம் பேசி முடிப்பது போல. நித்யாவின் இரண்டு கல்லூரிகளும் அப்படிப் பேசிக்கொள்ளவில்லை. சம்பந்தி சண்டையெல்லாம் கிடையாது... அறிமுகமே கிடையாது!

இப்போது படிக்கிற பிள்ளைகள் பாக்கியசாலிகள். கிரெடிட்டைச் சேர்த்து வைக்கவே ஆன்லைனில் ஏற்பாடு வந்துவிட்டது. நித்யா படித்தபோது அவளிடம் இருந்தது மார்க் ஷீட்டும் அவள் வாயும்தான்.

அந்த வாய்தான் காலை வாரியது.

"கமிட்டில என்ன கேட்டாங்க?" என்றேன்.

"சென்னைப் பக்கத்து சார் ஒருத்தருங்கக்கா. 'டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் எந்த அளவுக்குப் படிச்சிருக்கீங்க?'ன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"'ஏதோ கொஞ்சம் படிச்சிருக்கேனுங்க சார்'னு சொன்னேன்."

"அதுல உனக்கு எவ்வளவு மார்க்?"

தலையைக் குனிந்துகொண்டாள். "கிளாஸ் ஃபர்ஸ்டுங்கக்கா."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. "அறிவிருக்கா உனக்கு? கிளாஸ் ஃபர்ஸ்டுன்னு சொல்றதுக்கென்ன?"

பதில், பேத்தியோடு பின்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த மாமியாரிடமிருந்து வந்தது. "பின்ன எப்புடிங்க அம்மணி சொல்றது? 'நான் பெரிய படிப்பாளி'ன்னு பொம்பளப் புள்ள போய் நின்னுட்டுச் சொல்லுமுங்களா? நல்லாவா இருக்கும்?"

நித்யாவைத் திட்டிப் பயனில்லை. ஏனென்றால் இது நித்யாவின் வியாதி இல்லை. எங்கள் ஊர் வியாதி!

கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு விருந்துக்குப் போய்ப் பாருங்கள். இலையில் இடம் போதாமல் பாயசம் டம்ளருக்கு மாறியிருக்கும். "ஒண்ணுமே செய்யலீங்க, இருக்கறதைப் போட்டிருக்கேன்" என்பார்கள். இரண்டு ஷிப்டு ஓடும் கம்பெனியின் முதலாளியைக் கேளுங்கள். "ஏதோ சின்னதா ஒரு யூனிட் ஓடுதுங்க" என்பார். பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வரும் பையனின் அப்பா? "ஏதோ பாஸாயிருவானுங்க."

கேட்கிறவரும் எங்கள் ஊர்க்காரராக இருந்தால் சிக்கல் இல்லை. 'ஏதோ' என்று சொன்னால் 'ஏகப்பட்டது' என்று அவராகவே எடுத்துக்கொள்வார். சென்னைப் பக்கத்துப் பேராசிரியருக்கு அந்தக் கணக்கு எப்படித் தெரியும்? மார்க் ஷீட்டில் மார்க்தான் இருக்கும், பாடத்தில் என்னென்ன நடத்தினார்கள் என்று இருக்காது. பாவம், சொன்னதை அப்படியே நம்பி எழுதிக்கொண்டார். இரண்டாம் வருஷப் பாடங்களில் இவளுக்கு அடித்தளம் போதாது என்று முடிவு செய்துவிட்டார்.

ஒரே ஒரு நல்ல சேதி இருந்தது. பழைய கல்லூரியிலிருந்து முழு சிலபஸையும் சான்றொப்பத்தோடு வாங்கி வந்தால் கமிட்டி இன்னொரு தரம் பார்க்குமாம்.

"வேண்டாமுங்க அத்தை, விட்டுரலாம்" என்றாள் நித்யா. "எல்லாத்துக்கும் செரமம்."

ருக்குமணியக்கா பேத்தியின் தலையைப் பின்னி முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"நீ எங்க ஊட்டுக்கு வந்தப்ப பீரோ வந்துச்சு, கட்டில் வந்துச்சு, ஏனம் பாத்திரமெல்லாம் வந்துச்சு. எல்லாத்தையும் இன்னைக்கு வரைக்கும் பொழங்கிட்டுத்தான் இருக்கறோம். உன்ற படிப்பும் கூடத்தானே கண்ணு வந்துச்சு? அதை மட்டும் பரண்ல ஏத்திப்போட்டோம். எங்க தப்புதான். மொதல்ல அதை எறக்கு."

சீர் வரிசையை எண்ணி வாங்கிய மாமியார்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வரிசையில் இரண்டு வருஷப் படிப்பையும் சேர்த்து எண்ணிய மாமியாரை அன்றுதான் பார்த்தேன்.

மறுநாளே மாமியாரும் மருமகளும் சத்தியமங்கலத்துக்கு பஸ் ஏறினார்கள். சிலபஸ் வந்துவிட்டது. பழைய கல்லூரியில் நித்யாவை நினைவு வைத்திருந்த மேடம் ஒருவர் கூடவே நின்று கையெழுத்து வாங்கிக் கொடுத்தாராம்.

அடுத்தது ஒத்திகை. என் வீட்டு ஹாலில். ருக்குமணியக்காதான் பேராசிரியர். என் மூக்குக் கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, எவ்வளவு படிச்சிருக்கே?"

"ஏதோ..." என்று ஆரம்பித்தாள் நித்யா. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுபடியும். "ரெண்டு வருசம் படிச்சேனுங்க சார்... ஏதோ சுமாரா..."

பொறுமை போய்விட்டது எனக்கு. "இதிலென்ன கஷ்டம்? இருக்கறதை இருக்கற மாதிரி சொல்லேன்!" என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து கொரியர்காரர் வந்தார். என் பெயரைப் பார்த்துவிட்டு, "பத்திரிகையில எழுதறவங்க நீங்கதானுங்களா?" என்று கேட்டார்.

"ஏதோ வாரா வாரம் கிறுக்கறேனுங்க" என்றேன்.

பின்னால் ஒரே சிரிப்பு. மாமியாரும் மருமகளும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரிக்கிறார்கள். ஒத்திகை அத்தோடு முடிந்தது.

போன வியாழக்கிழமை மூன்று பேருமாகக் கல்லூரிக்குப் போனோம். குழந்தையை அதன் அப்பா பட்டறைக்கு லீவு போட்டுப் பார்த்துக்கொண்டார். நித்யா உள்ளே போனாள். வெக்கைக்குக் கதவைத் திறந்தே வைத்திருந்தார்கள். நாங்கள் வராந்தா பெஞ்சில். ஒட்டுக்கேட்கவில்லை... காதில் விழுந்தது!

பேராசிரியர் சிலபஸைப் புரட்டும் சத்தம். பிறகு அவர் குரல். "போன தடவை கொஞ்சம்தான் படிச்சேன்னு சொன்னீங்க. இதைப் பார்த்தா நம்ம சிலபஸ்ல இருக்கறது முக்கால்வாசி இருக்கே. எதும்மா சரி?"

ருக்குமணியக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடியென்றால் அப்படியொரு பிடி.

"சிலபஸ்தான் சரிங்க சார்" என்றாள் நித்யா. "நான் சொன்னது தப்புங்க."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?"

"எங்க ஊர்ல அப்படித்தானுங்க சார் சொல்லுவோம்."

உள்ளே ஒரு பெண் குரல் சிரித்தது. கமிட்டியில் இருந்த உள்ளூர் பேராசிரியை. "சார், போன தீபாவளிக்கு எங்க ஊட்டுக்கு சாப்பிட வந்தீங்களே... 'ஒண்ணுமே செய்யலீங்க'ன்னு சொன்னேனே, ஞாபகமிருக்குங்களா?"

"ஐயோ மேடம்! அன்னைக்கு என்னால எழுந்திரிக்கவே முடியலையே!"

"அதேதானுங்க சார் இது."

அப்புறம் அவர் சும்மா விட்டுவிடவில்லை. சிரித்துக்கொண்டே கேள்விகளை ஆரம்பித்தார். போர்டில் எழுதச் சொன்னார். மார்க்கர் கீச்சிடுவது எங்களுக்குக் கேட்டது. நித்யா எழுதிக்கொண்டே விளக்கினாள். ஒரு இடத்தில் தடுமாறினாள், "இது மறந்துபோச்சுங்க சார், இருங்க..." என்று சொல்லிவிட்டு, யோசித்து அதையும் எழுதினாள். எனக்கு ஒரு எழுத்துப் புரியவில்லை. ருக்குமணியக்காவுக்கும்தான். ஆனாலும் இரண்டு பேரும் எல்லாம் தெரிந்தவர்கள் போலத் தலையாட்டிக்கொண்டிருந்தோம்.

கடைசியில் அவர் சொன்னார். "மூணாம் வருஷத்துக்கு ஓகே. ஆனா ரெண்டு டெஃபிஷியன்சி பேப்பர் வருது. ஒரு பிரிட்ஜ் கோர்ஸ் வேற. எல்லாத்தையும் ஒரே வருஷத்துல முடிக்கணும். குழந்தை வேற இருக்குன்னு சொல்றீங்க. நிதானமா ரெண்டாம் வருஷத்துலயே சேர்ந்துக்கலாமே? உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

நிஜமான அக்கறையோடு சொன்னார். இந்த மாதிரி நேரத்தில்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் 'நீங்க சொன்னாச் சரிதானுங்க' என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து அழுவார்கள்.

"வேண்டாமுங்க சார்" என்றாள் நித்யா. "படிச்சதையே மறுபடி படிக்க எனக்கு வருசம் இல்லீங்க. முடிச்சிருவேனுங்க."

கவனித்தீர்களா? 'ங்க' ஒன்றுகூடக் குறையவில்லை. மரியாதை அப்படியே இருந்தது. 'ஏதோ' மட்டும் காணாமல் போயிருந்தது.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். தளும்ப வேண்டாம்தான். ஆனால் குடத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று ஒருவர் வந்து கேட்டால், இருக்கிறது என்று சொல்ல வேண்டாமா? அடக்கம் வேறு, அடக்கி வைப்பது வேறு. இது தெரியாமல் எத்தனை பெண்களின் படிப்பு இன்னும் பரணில் கிடக்கிறதோ!

வெளியே வந்த நித்யா மாமியாரைக் கட்டிக்கொண்டாள். "மூணாவது வருசமுங்க அத்தை." ருக்குமணியக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தை இல்லை... மருமகள் முகத்தை.

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், எதிரே கிணத்துக்கடவுக்காரம்மா ஒருவர். "ஏனுங்க ருக்குமணி, இங்கதான் இருக்கறீங்களா? மருமக என்ன பண்றா?"

"ஏதோ..." என்று ஆரம்பித்தார் ருக்குமணியக்கா. நானும் நித்யாவும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

அவர் ஒரு மூச்சு எடுத்தார். "காலேஜுல மூணாவது வருசமுங்க. நல்லாப் படிக்கற புள்ளைங்க!"

பக்கத்தில் நின்ற நித்யா இந்தத் தரம் தலையைக் குனியவில்லை.

அப்புறம், இந்த வாரப் பத்தி நன்றாகவே வந்திருக்கிறதுங்க!