ஊசி மிளகாய்க் கை

உரலில் இடித்த வயல் நண்டைக் குண்டானில் கொட்டித் தண்ணீர் ஊற்றி, முழங்கை நனையக் கையை விட்டுப் பிழிகிறாள் வேம்பு. நண்டோடு சேர்ந்து இடிபட்ட ஊசி மிளகாயின் நெடி சாப்பாட்டுக் கடைக் கொட்டகையைத் தாண்டி மன்னார்குடிச் சாலைக்கே வந்துவிடுகிறது. சைக்கிளில் போகிறவர் தும்முகிறார். பஸ்ஸுக்கு நிற்கும் கல்லூரிப் பெண்கள் துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொள்கிறார்கள். வேம்புக்கு ஒன்றுமில்லை. கொட்டாவிதான் விடுகிறாள்.

இவளுக்கு வேம்பு என்று பெயர் வைத்ததே தப்பு, மிளகாய் என்று வைத்திருக்க வேண்டும் என்பது புருஷன் சாமிதுரையின் கட்சி.

அந்த மிளகாய் நெல்மணியைவிடக் கொஞ்சம்தான் நீளம். யாரும் விதைப்பதில்லை. மைனாவும் கிளியும் தின்று எச்சமிட்ட இடத்தில் வேலியோரமாக முளைத்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு காய்க்கும். அன்றாடச் சமையலுக்கு ஊரில் ஒருவரும் அதைத் தொடமாட்டார்கள். குழம்புக்கு நீள மிளகாய், தாளிக்க வற்றல் என்று ஒதுங்கிவிடுவார்கள். நண்டுச் சாற்றுக்கு மட்டும் அதுதான் வேண்டும். மழையில் நடவு வயலில் நின்று நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்தச் சாறு ஒரு டம்ளர் உள்ளே போனால் மூக்கும் கண்ணும் சேர்ந்து ஒழுகி, அப்புறம்தான் முகம் தெளியும். நடவாட்கள் வீட்டு அடுப்பில் கிடந்ததைச் சாப்பாட்டுக் கடைக்குக் கொண்டுவந்தவள் வேம்பு.

கொள்முதல் நிலையத்து லோடுமேன்கள் வருகிறார்கள், அறுவடை மிஷின் டிரைவர்கள் வருகிறார்கள், கர்ச்சீப்பைக் கையில் பிடித்தபடி பாங்க்காரர்களும் வருகிறார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்வி. "உறைக்குதா?" ஆமாம் என்கிறவருக்கு மோர் ஊற்றுவாள். இல்லை என்று வீரம் பேசுகிறவருக்கும் ஊற்றுவாள். இப்போது செல்போனை எதிரில் நட்டுவைத்துக்கொண்டு மிளகாயைப் பச்சையாக மென்று காட்டும் கூட்டம் ஒன்று புறப்பட்டிருக்கிறது. "தம்பி, வயித்த வீட்ல கழட்டி வச்சிட்டா வந்தீங்க? எந்திரிச்சுப் போங்க" என்பாள். அவர்கள் போகமாட்டார்கள். அவளும் இலையைப் போட்டுவிடுவாள். சண்டை பிடிக்கவும் தெம்பு வேண்டுமே.

தெம்பைக் கொண்டுபோனது சாமிதுரையின் கண்.

வரப்பு வளைகளில் கையை விட்டுக் கடைக்கு நண்டு பிடித்துத் தந்தவர் அவர்தான். கண்ணில் புரை விழுந்த பிறகு நண்டு வளை எது, பாம்பு வளை எது என்று தெரியாமலே கையை விட்டுக்கொண்டிருந்தார். வேம்பு அழுது ஆர்ப்பாட்டம் பண்ணித்தான் ஆபரேஷனுக்கு அழைத்துப்போனாள். நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்ததும், ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியபடி சோப்புப் போட்டுக் கை கழுவினாள். இமையை விரலால் விரித்துச் சொட்டு மருந்தை விட்டாள். சாமிதுரை போட்ட அலறலில் வாய்க்காலுக்கு அக்கரையில் இருந்தவர்கள் ஓடிவந்தார்கள்.

ஊசி மிளகாய் சோப்புக்குப் போகாது. ஊருக்கே அதைச் சொல்கிறவள் அவள்தான். ஆனால் வருஷக்கணக்காகப் பிழிந்து பிழிந்து கை மரத்துப்போயிருந்தது. எரியாத கையைச் சுத்தமான கை என்று நம்பிவிட்டாள். இந்தத் தொழில் செய்கிறவளுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது.

இரத்தமாகச் சிவந்த கண்ணோடு திரும்பவும் ஓடினார்கள். "ஏம்மா, கொஞ்சங்கூட உறைக்க வேணாமா உங்களுக்கு? பார்வையே போயிருக்கும்" என்று சத்தம் போட்டார் நர்ஸ்.

"கைக்கு உறைக்கலைங்கம்மா."

நர்ஸுக்கு அது எதிர்ப்பேச்சாகப் பட்டது. பாவம், அவள் உள்ளதைத்தான் சொன்னாள்.

கண் தப்பியது. ஆனால் மருந்து இன்னும் பல நாள் விட்டாக வேண்டும். இன்னொரு தடவை மிளகாய் பட்டால் அந்தக் கண் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையுறை போட்டுப் பிழிந்து பார்த்தாள். நண்டு ஓடு கிழித்துவிட்டது. மருந்து விடும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்றால், மாட்டுகிற விரலே மிளகாய் விரலாயிற்றே. மகள் இசைவாணி திருப்பூரிலிருந்து போனில், "அப்பாவே விட்டுக்கட்டும்மா" என்கிறாள். அவர் விட்டால் கண்ணைத் தவிர முகமெல்லாம் வழிகிறது. பக்கத்து வீட்டு நீலாம்பாள் வந்து விட்டுக்கொண்டிருந்தாள். களையெடுப்பு தொடங்கியதும் அவளும் வயலுக்குப் போய்விட்டாள். கடையை மூடலாம்தான். மூடினால் சொந்த அடுப்பும் சேர்ந்து அணைந்துவிடும்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள். சாமிதுரை ஒருநாள், "ஒங் கை கிட்ட வந்தாலே கண்ணு தானா மூடிக்கிது புள்ள, நான் என்ன செய்ய?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். அன்றைக்குத்தான் வேம்பு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். எந்த மிளகாயும் அவளை அப்படிச் சுட்டதில்லை.

மத்தியானப் பந்தி ஓய்ந்துவிட்டது. நல்லெண்ணெயை அள்ளி நகக்கண்ணெல்லாம் தேய்க்கிறாள். புளித்த மோரில் கையை ஊறப்போடுகிறாள். சீயக்காய், பிறகு சோப்பு. உள்ளே சாமிதுரை கறுப்புக் கண்ணாடியோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

"கழுவிட்டியா?"

"கழுவிட்டேங்க."

கண்ணாடியைக் கழற்றுகிறார். அதற்குள்ளேயே இமை துடிக்கிறது. வேம்பு மருந்துப் புட்டியை எடுக்கவில்லை. அவருக்கு எதிரில் மண்டி போட்டு, தன் வலக்கண்ணின் கீழிமையை இழுத்து, ஆள்காட்டி விரலை உள்ளே வைத்துத் தேய்க்கிறாள். சிமிட்டாமல் காத்திருக்கிறாள். கண் சிவந்து நீர் கொட்டுகிறது.

"எரியுதா புள்ள?"

"இருங்க, வந்துடுறேன்."

முந்தானையால் துடைத்துக்கொண்டு, மறுபடி கையை ஊறவைக்க மோர்ச்சட்டிக்குப் போகிறாள். திரும்பி வந்தவள் அவர் எதிரில் அதேபோல மண்டி போட்டு, அதே விரலை, இன்னும் எரியாத இடக்கண்ணில் வைக்கிறாள்.